ஒரு சஹனுக்கு இரண்டு கை

அவரிடம் நான் வாங்கிய முதல் திட்டு, உட்கார்ந்ததற்காக.

வேலையில் சேர்ந்த நாள் அது. பாளையங்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். யாராவது வந்து கூப்பிடும்வரை நிற்பானேன் என்று, சுவரோரம் சும்மா கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தார். நாற்பதைத் தாண்டியவர். தலையில் முக்காடு, ஏசிக் குளிருக்குக் காலில் தடித்த காலுறை, கடைவாயில் ஒரு கிராம்பு.

"எந்திரி" என்றார்.

"காலியாத்தான் இருந்துச்சு மேடம்."

"நாற்காலி காலியாத்தான் இருக்கு. உனக்குக் காலி இல்ல. உன் இடம் ஜன்னலுக்கு ரெண்டாவது. இன்னைக்கும் அங்கன, நாளைக்கும் அங்கன, நீ இந்த ஆபீஸை விட்டுப் போற வரைக்கும் அங்கனதான்."

எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில்கூட யாரும் இப்படி என்னை எழுப்பி உட்கார வைத்ததில்லை. ஆனால் அவர் சொன்னது அப்படியே நடந்தது. அங்கிருந்து கிளம்பும்வரை நான் ஜன்னலுக்கு இரண்டாவதில்தான் இருந்தேன்.

எல்லாருக்கும் அவர் லாத்தா. காயல்பட்டினத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஸ்ரீவைகுண்டத்துக்காரனான எனக்கு முதல் வாரம் அந்தச் சொல் வாயில் வரவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து வேறு எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை.

எங்கள் வேலை காற்றுக்குக் கணக்குப் போடுவது. கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள் நாளைக்கு எந்நேரம் எவ்வளவு மின்சாரம் தரும் என்பதை இன்று காலை பத்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும். பத்தரைக்குச் சொன்னால் யாருக்கும் வேண்டாம். அவ்வளவு பெரிய கணக்கை ஒரே ஆளாகப் போட்டால் நாளைய காற்று அடித்து ஓய்ந்த பிறகுதான் விடை வரும். அதனால் கணக்கைத் துண்டு போட்டு, எல்லாத் துண்டுகளையும் ஒரே நேரத்தில் ஓடவிடுவோம். பெரிய கணினிக்குள்ளே கோர் என்று சொல்லப்படும் சின்ன மூளைகள் வரிசையாக இருக்கும். ப்ராசஸ் என்று நாங்கள் சொல்லும் ஒவ்வொரு துண்டும் ஒரு கோரில் உட்கார்ந்து வேலை பார்க்கும்.

சும்மா விட்டால், ஆபரேட்டிங் சிஸ்டம் தன் இஷ்டத்துக்குத் துண்டுகளை ஒரு கோரிலிருந்து எழுப்பி இன்னொன்றில் உட்கார வைக்கும். லாத்தா அதற்கு இடம் கொடுக்க மாட்டார். எந்தத் துண்டு எந்தக் கோரில் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்து, ஆணி அடித்தது போல உட்கார வைத்துவிடுவார். வளைகுடாவில் எண்ணெய் தேடும் கம்பெனி ஒன்றில் பல வருடம் இதையேதான் செய்துவிட்டு வந்திருந்தார். அவர் உட்கார வைத்த கணக்கு ஒன்பதேகாலுக்கெல்லாம் முடிந்துவிடும். நான் ஒருநாள் ஆர்வக்கோளாறில் அவரில்லாதபோது ஆணி அடிக்காமல் ஓட்டிப் பார்த்தேன். பத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் எனக்கு அவர் விளக்கியது ஒரு கல்யாணத்தில். காயலில் அவருடைய தம்பிக்குத் திருமணம். அலுவலகத்தில் எல்லாரும் போயிருந்தோம். அங்கே கல்யாணச் சாப்பாடு சஹனில்தான். சஹன் என்றால் பெரிய தட்டு. ஒரு தட்டில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பெண்கள் சாப்பிட்ட வீட்டுக்கும் ஆண்கள் சாப்பிட்ட பந்தலுக்கும் நடுவே ஒரு தெரு. அந்தத் தெருவைத் தாண்டி லாத்தாவின் போன் வந்தது, எங்களில் யார் யாரோடு உட்கார வேண்டும் என்று. என்னை எங்கள் கணக்காளரோடு போட்டார். அவர் ஒரு வாய் சோற்றை மென்று முடிப்பதற்குள் நான் நான்கு வாய் தின்றுவிடுவேன்.

திரும்பி வரும் வழியில் வேனில் லாத்தா கேட்டார். "தட்டு ஒரு நேரமாவது சும்மா கெடந்துச்சாலே?"

"இல்ல லாத்தா."

"அதான். ரெண்டு பேரும் வேகமாத் திங்குறவன்னு வையி, ரெண்டு கையும் ஒரே கறிக்குப் போயி முட்டிக்கிடும். ஒருத்தன் பைய மெல்லுதான்னா, அந்த நேரத்துல அடுத்தவன் கை உள்ள போவும். நம்ம கோரும் அப்படித்தான். ஒரு சஹனுக்கு ரெண்டு கை. ரெண்டு கை தெரியுதேன்னு சஹன் ரெண்டுன்னு நினைச்சிராத. எல்லாரும் ஏமாறுதது அங்கனதான்."

ஒரே கோரை மாறி மாறிப் பயன்படுத்தும் இரண்டு த்ரெட்களைப் பற்றி அதுவரை நான் எவ்வளவோ படித்திருந்தேன். அன்றைக்குத்தான் வயிற்றுக்குப் புரிந்தது.

"சரி, நடுவுல இடம் மாறுனா என்ன லாத்தா?"

"பிசைஞ்ச சோத்தை அங்கன விட்டுட்டு அடுத்த சஹனுக்குப் போறேன்னு வையி. அங்கன போயி முதல்லயிருந்து பிசையணும்லா? பந்தி விசாரிக்கவன் எழுப்பி எழுப்பி மாத்திக்கிட்டே இருந்தா எவனுக்குலே வயிறு நெறையும்?"

கணினிக்கு மட்டும் இந்தச் சட்டம் என்றால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டோம். தேநீர் டம்ளர்கள், குடைகள், வேனில் சீட்டு எல்லாவற்றுக்கும் அதே சட்டம். அவர் கணவர் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தபோது ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தார். பாவம், சிரித்த முகம். "எங்க ஊர்ல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குப் போயி இருக்கணும் தம்பி. நான் போன அன்னைக்கே சட்டைய எந்த ஆணில மாட்டணும்னு காட்டிட்டா. வருசம் எத்தனை ஆச்சு, இன்னமும் அந்த ஆணிதான்." பெருமையாகச் சொன்னாரா, நொந்துபோய்ச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை வந்ததும் இதில்தான். நான் கணக்குக்குள் போகும் தகவல்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். அது சலித்துப்போய், ஓட்டும் வேலைக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன். மாட்டேன் என்றார். மறுபடி கேட்டேன். "இப்பத்தான் உனக்கு அந்த வேலையில சூடு புடிச்சிருக்கு. மாத்துனா ஆறிரும்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் என்ன உங்க ப்ராசஸா லாத்தா, புடிச்சு உக்கார வைக்க?"

"இல்ல. ப்ராசஸ் எதுத்துப் பேசாது."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு ஒரு வாரம் அவரைப் பார்த்தாலே எரிந்தது. அன்புள்ளவர்தான், ஆனால் அந்த அன்புக்குள் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அவரிடம் வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் கொஞ்சம் மூச்சு முட்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணினிக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. எந்தக் கோர் எவ்வளவு வேலை செய்கிறது என்று கோடு கோடாகக் காட்டும் நிரல் ஒன்று உண்டு. மற்ற இடங்களில் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். லாத்தா விடமாட்டார். "எட்டிப் பாக்கவனும் ஒரு ஆளுதான். அவனும் எவன் சஹன்லயாவது கையப் போடுவான்." ஒவ்வொரு மணி நேரக் காற்றும் கணக்காகி முடிந்ததும், வெளியே இருக்கும் வேறொரு திரையில் ஒரு வரி விழும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் எங்களுக்கு அனுமதி.

லாத்தாவுக்கு ஒரு மகள். அவளால்தான் அவர் இப்படி ஆனார் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு இருந்தது. அந்தக் கணவர் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு அது ஒப்பவில்லை. மகள் பிறப்பதற்கு முன்பே அவர் அப்படித்தான். ஆனால் மகளுக்கு அப்படிப்பட்ட ஒரு தாய் வாய்த்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொள்வேன்.

ஜமீலாவுக்கு அப்போது இருபது வயதிருக்கும். ஆட்டிசம். பேச்சு கிடையாது. வளைகுடாவில் பிறந்து வளர்ந்தவளை இங்கே அழைத்து வந்தபோது ஒரு வருடம் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, சுவரில் தலையை முட்டிக்கொண்டே இருந்தாள் என்று லாத்தா ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். இங்குள்ள சிறப்புப் பள்ளிக்காகத்தான் காயலில் சொந்த வீட்டை விட்டுவிட்டு மேலப்பாளையத்தில் வாடகைக்கு இருந்தார்கள். ஒருநாள் வேறு வழியில்லாமல் அலுவலகத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார். அவள் நேராகக் கணினிகள் இருந்த உள்ளறைக்குப் போய், பெரிய அலமாரியின் பின்கதவில், சூடான காற்று வருகிற வலைமேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு நின்றாளாம். முட்டுவதை நிறுத்தினாளாம்.

அன்றிலிருந்து தினமும் மூன்றரைக்கு ஆட்டோ வரும். அவள் யாரையும் பார்க்காமல் உள்ளே போவாள். பின்கதவுக்கு எதிரே அவளுக்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் வலைமேல் வைத்துக்கொள்வாள். ஐந்து மணிக்கு இருவரும் வீட்டுக்குப் போவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் ஜமீலாவின் நாள் நிலைகொண்டது. அது இருந்ததால் இரவில் தூக்கம், தூக்கம் இருந்ததால் மறுநாள் பள்ளி.

இந்த நிலையில்தான் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். எல்லா ஊர்க் கணினிகளையும் சென்னைக்கே கொண்டுபோய்விடலாமா என்று அங்கே யோசனை. எங்கள் அறை இங்கேயே இருக்க வேண்டிய அவசியம் உண்டா என்று ஒரு வாரம் தங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், கெட்டிக்காரர், கலகலவென்று பேசுவார். அதுதான் பயமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது இருக்கலாம்.

அறை சென்னைக்குப் போனால் நான் பெட்டியைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். லாத்தா மகளை மறுபடி வேரோடு பிடுங்க வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டாலும் அறை போய்விடும். எப்படிப் பார்த்தாலும் ஜமீலாவின் மூன்றரை மணி போய்விடும். அந்த வாரம் முழுக்க லாத்தா கிராம்பை மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம். காற்று வெளியே தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. சென்னைக்காரர் தன்னுடைய கணக்கு ஒன்றையும் எங்கள் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். சேர்ந்தாற்போல இரண்டு கணக்குகளை இந்த அறை தாங்குகிறதா என்பதுதான் சோதனை. "பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு" என்று லாத்தா சொன்னார். அவரும் சரி என்றார். காலையில் எங்கள் கணக்கு வழக்கம் போல ஆரம்பித்தது. சிறிது நேரத்தில் அவருடையதும் ஆரம்பித்தது. அவர் போன் பேச வராந்தாவுக்குப் போனார்.

வரிகள் விழுந்தன. பிறகு மெதுவாக விழுந்தன. பிறகு, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர முடிந்தது.

எட்டரைக்கு இருக்க வேண்டிய இடத்தில் பாதிகூட வரவில்லை. காற்றாலைக்காரர்கள் ஏற்கெனவே ஒருமுறை கோபித்திருந்தார்கள். இன்னொரு நாள் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று நேரிலேயே சொல்லியிருந்தார்கள். அதுவும் சென்னைக்காரர் ஊரில் இருக்கும்போது தவறினால் முடிந்தது கதை.

"ஒரு தடவை திறந்து பாத்திருவமா லாத்தா?"

"வேண்டாம். ஏற்கெனவே மூச்சு முட்டுது. நீ வேற ஏறி மிதிக்காத."

"என்னன்னு தெரியாம எப்படி..."

"உக்காந்த இடம் எனக்குத் தெரியும். நான்தானே உக்கார வச்சேன்."

அடுத்த வரிக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. இந்தப் பிடிவாதத்தில் எல்லாம் மூழ்கப்போகிறது என்று தோன்றியது. அவரைக் கேட்காமலே நிரலைத் திறந்தேன்.

"யாரைக் கேட்டுலே திறந்த?" என்று எழுந்தவர், திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

மேல் பாதிக் கோடுகள் எல்லாம் முட்ட முட்டச் சிவப்பு. கீழ்ப் பாதி முழுக்க வெறுமை. ஒரு கோடுகூட அசையவில்லை.

பார்த்தவுடன் எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. லாத்தாவின் கணக்கு முதல் கோரிலிருந்து வரிசையாக உட்காரும். சென்னைக்காரரும் ஆணி அடிக்கிறவர்தான், அவருடைய கணக்கும் முதல் கோரிலிருந்துதான் உட்காரும். பாதி உங்களுக்கு என்றபோது எந்தப் பாதி என்று லாத்தா சொல்லவில்லை. விருந்தாளி இடம் கேட்டுத்தான் உட்காருவார் என்பது அவர் எண்ணம். அவரும் கேட்கவில்லை. போகிற இடமெல்லாம் முதல் வரிசை தனக்குத்தான் என்று பழகியவர். இரண்டு கல்யாண வீட்டுக்காரர்களும் ஒரே சஹன்களில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், பாதிப் பந்தல் காலியாகக் கிடக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தை அதன் போக்கில் விட்டிருந்தால் அதுவே நாலு பேரை எழுப்பி அந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கும். ஆணி அடித்த பிறகு அது என்ன செய்யும்?

"அவரு கணக்கை நிறுத்தச் சொல்லுங்க லாத்தா. நம்மது தப்பிச்சிரும்."

"நிறுத்துனா, இங்கன ரெண்டு ஓடாதுன்னு எழுதிருவாரு."

"அப்ப அவரதைக் கீழ் பாதிக்கு நகர்த்துங்க."

"அவரு கணக்கு எனக்குப் பழக்கம் இல்ல. பழகாத புள்ளையத் தூக்குனா எங்க புடிக்கணும்னு தெரியாதுலா."

பிறகு உட்கார்ந்தார். எங்கள் கணக்கை, ஓடிக்கொண்டிருக்கும்போதே, எடுக்கத் தொடங்கினார்.

எனக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. அப்படிச் செய்ய முடியும் என்று அவர் எங்கள் யாரிடமும் சொன்னதே இல்லை. ஒவ்வொரு துண்டாகப் பெயர் சொல்லி எழுப்பிக் கீழ்ப் பாதியில் ஒரு கோரில் உட்கார வைத்தார். அது போதாது. துண்டு போனாலும் அதன் நினைவகம் பழைய கோர்களின் பக்கத்திலேயே கிடக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு எட்டி எடுக்க வேண்டும். எனவே அதையும் பின்னாலேயே மாற்றினார். ஆளையும் அனுப்பி, அவன் பிசைந்து வைத்த சோற்றையும் சிந்தாமல் அனுப்புகிற வேலை. நடுவில் ஒன்று தட்டுக்கெட்டால் முழுக் கணக்கும் செத்துவிடும், பத்து மணிக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

வரி விழுவது முற்றிலும் நின்றது. சென்னைக்காரர் உள்ளே வந்து எங்கள் பின்னால் நின்றதை நான் மட்டும் பார்த்தேன். லாத்தா கிராம்பைக் கடிப்பதை நிறுத்தியிருந்தார். கடைசித் துண்டையும் உட்கார வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்றும் வரவில்லை.

"செத்துட்டா?" என்று கேட்டேன்.

"பேசாம இரு."

ஒரு வரி விழுந்தது. மூச்சு விடுவதற்குள் இன்னொன்று. பிறகு வழக்கமான வேகத்தையும் தாண்டி விழ ஆரம்பித்தன. நான் எழுந்து கைதட்டிவிட்டேன். பத்துக்குச் சற்று முன்னால் கணக்கு முடிந்து காற்றாலைக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

சென்னைக்காரர் வாயாரப் பாராட்டினார். "ஓடிட்டு இருக்கறதை அப்படியே தூக்கி வேற இடத்துல வச்சிட்டீங்களே மேடம்! நான் இதை யாரும் பண்ணிப் பார்த்ததில்ல. ஒண்ணுமே ஆகலையே!" என்றார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யதார்த்தமாகக் கேட்டார். "அப்ப இதெல்லாம் இங்கதான் இருக்கணும்னு ஒண்ணும் இல்ல, இல்லையா?"

லாத்தா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நகர்த்தலாம்" என்றார். "பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து நகர்த்தணும்."

அவர் தலையாட்டினார். நகர்த்தலாம் என்ற பாதி மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

அவர் ஊருக்குப் போன பிறகு லாத்தாவிடம் சண்டை போட்டேன். "அவரு முன்னால ஏன் லாத்தா அதைச் செஞ்சீங்க? இது முடியாதுன்னு சொல்லியிருந்தா அறை இங்கனயே இருந்திருக்கும்லா."

"முடியாதுன்னு பொய் சொல்லிட்டு உக்காந்திருக்கச் சொல்லுதியா?"

"இத்தனை வருசமா எங்ககிட்டயும் சொல்லலையே!"

"மாத்தத் தெரியாம இல்லலே. மாத்துனா என்ன ஆகும்னு தெரியும். கணக்குக்கு ஒண்ணும் ஆகாது, சோத்தைப் பின்னாலயே அனுப்பிறலாம். எல்லாத்துக்கும் அப்படி அனுப்ப முடியுமா?" என்றார்.

ஐப்பசியில் உத்தரவு வந்தது. கணினிகள் சென்னைக்கு. எங்கள் இருவருக்கும் அங்கே வேலை உண்டு, வீடு பார்த்துத் தருவதாகவும் சொன்னார்கள். லாத்தா அன்றே முடியாது என்று சொல்லிவிட்டார். மீதி இருந்த நாட்களில் மகளைப் பழக்கப் பார்த்தார். கணினிகள் இல்லாத காலி அறையைப் படமாக வரைந்து தினமும் காட்டினார். சூடான காற்று வீசும் ஹீட்டர் வாங்கி வீட்டில் நாற்காலிக்கு எதிரே வைத்தார். ஜமீலா அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் வைத்துவிட்டு வந்தாளாம். அவள் அம்மாவின் மகள்தானே என்று நான் சிரித்தேன். லாத்தாவும் சிரித்தார்.

லாரி காலையில் வந்தது. ஒவ்வொரு ஒயரிலும் அது எந்தத் துளைக்கு உரியது என்று சீட்டுக் கட்டியிருந்தார் லாத்தா. சென்னையில் யாரும் ஒரு நொடிகூடத் தடுமாறக் கூடாதாம். ஆட்கள் அலமாரியைச் சாய்த்து இறக்கியபோது "பைய, பைய" என்று படியில் கூடவே இறங்கினார். மத்தியானத்துக்குள் எல்லாம் போய்விட்டது. உள்ளறையில் ஏசியை அணைத்தேன். அந்த அறையில் அமைதியை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். பிடிக்கவில்லை.

மூன்றரைக்கு ஆட்டோ வந்தது. நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன், ஏதாவது ஆனால் பிடிக்க வேண்டும் என்று. ஜமீலா எப்போதும் போல யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். நாற்காலி மட்டும் அதே இடத்தில் இருந்தது. உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். வலை இருந்த உயரத்தில் உள்ளங்கைகள் காற்றில் நின்றன. கத்துவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். கத்தவில்லை. கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு எழுந்து அம்மாவிடம் வந்தாள். அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அங்கே வைப்பாள். குழாயில் வைத்தால் தண்ணீர் வரும், கதவில் வைத்தால் திறக்கும். அந்தக் கை பட்டு நடக்காத ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. லாத்தாவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து நடத்திக்கொண்டுபோய், அலமாரி இருந்த வெற்றிடத்தில், சரியாக அந்த உயரத்தில், உள்ளங்கைகளை விரித்து வைத்தாள். ஓரடி பின்னால் நகர்ந்து காத்திருந்தாள்.

சூடு வரும் என்று லாத்தா சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"இல்ல மவளே" என்றார் லாத்தா. கையை இறக்கவில்லை. "அது போயிட்டு. உம்மாதான் அனுப்பிட்டேன்."

ஜமீலா முன்னால் வந்து, அந்தக் கைகளை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள்.